கேபிள் பதிக்கத் தோண்டிய பூங்காவும் வாசலோரமும்: மழைக்கு முன் எப்படிச் சரி செய்வது?

புங்கை நிழல் (மடிப்பாக்கம்), ஆகஸ்ட் 3

வணக்கம். மடிப்பாக்கத்தில் 46 வீடுகள் உள்ள ஒரு நகரில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் நகரின் நடுவில் 22 சென்ட் பூங்கா இருக்கிறது. லேஅவுட் போட்ட காலத்தில் பூங்காவுக்கென்று விட்ட இடம். பதினைந்து வருடமாக அதற்குத் தண்ணீர் விட்டு, புல் வெட்டி, பார்த்துக்கொள்வது நாங்கள்தான். காலையில் ஐந்தரை மணிக்கு முதலில் கேட்டைத் திறப்பது பெரும்பாலும் நானாக இருக்கும்.

ஜூலை கடைசி வாரம் இன்டர்நெட் கேபிள் பதிக்க ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தக்காரர் ஆட்களோடு வந்தார். தரைக்கடியில் படுக்கைவாக்கில் துளை போடும் போரிங் மிஷின் வைக்கப் பூங்காவுக்குள் இரண்டு பெரிய குழிகள். வடகிழக்கு ஓரமாக 60 மீட்டர் நீளத்துக்கு, இரண்டடி அகலத்தில் ஒரு பள்ளம். அங்கிருந்து எங்கள் தெருவில் 11 வீட்டு வாசலோரம் வழியாகப் போனது. ஆரஞ்சு குழாயை இறக்கினார்கள், ஞாயிற்றுக்கிழமை இரவு விளக்குப் போட்டு அவசர அவசரமாக மூடினார்கள், திங்கள் காலை ஆளையே காணோம்.

இப்போது இருக்கும் நிலையைச் சொல்கிறேன். மேலே இருந்த கறுப்பு மண் அடியில் போய்விட்டது. அடியில் கிடந்த சாம்பல் நிறக் களி, செங்கல் துண்டு, சிமென்ட் கட்டியோடு சேர்ந்து மேலே வந்துவிட்டது. மிஷின் நின்ற இடத்தைச் சுற்றி வழுவழுவென்று ஒரு சேறு கொட்டிக் கிடக்கிறது. அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, அதன் கீழே இருந்த அருகம்புல் வெளுத்துவிட்டது. மிஷினும் லாரியும் போய்வந்த பத்தடி அகலத்துக்குத் தரை கல் மாதிரி இறுகிவிட்டது. போன புதன்கிழமை அரைமணி நேரம்தான் மழை பெய்தது. மறுநாள் மாலை வரை அங்கே தண்ணீர் நின்றது. இதற்கு முன் எங்கள் பூங்காவில் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை.

பூங்காவை ஒட்டிய மூன்று வீட்டு மொட்டைமாடி மழைநீர் 4 அங்குல பிவிசி குழாய் வழியாகப் பூங்காவின் உறைகிணற்றுக்கு வரும். அந்தக் குழாயும் உடைந்திருக்கிறது. உடைந்ததை யாரும் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் கிணற்றில் விழும் சத்தம் கேட்கவில்லையே என்று தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட மனதை அரிப்பது புங்கமரம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் பூங்காவில் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்தது. அடுத்த பொங்கல் முடிந்து அதே இடத்தில் தெருப் பிள்ளைகளை வைத்து இந்தப் புங்கங்கன்றை நட்டோம். அன்று குடத்தில் தண்ணீர் சுமந்த பையன்களில் ஒருவன் இன்று கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறான். பள்ளம் மரத்திலிருந்து மூன்றடி தூரத்தில் போயிருக்கிறது. கட்டைவிரல் கனத்தில் நாலைந்து வேர்களைக் கடப்பாரையால் குத்திப் பிய்த்திருக்கிறார்கள். மரத்துக்குத் தென்மேற்கில் பிள்ளைகளின் ஊஞ்சல் இருக்கிறது.

ஒப்பந்தக்காரரின் ஆள் நேற்று வந்து, "லெவல் பண்ணிட்டோம்மா, வேலை முடிஞ்சதுன்னு சங்கத்து லெட்டர்ல எழுதிக் குடுங்க" என்று கேட்டார். கொடுக்கலாமா? சங்கத்தில் பாதிப் பேர் "மேலே ரெண்டு லோடு செம்மண் கொட்டிப் புல் பதிச்சுடலாம், பிரச்சினையை வளர்க்க வேண்டாம்" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டரை மாதம்தான் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திமிசுக்கட்டை, ஆகஸ்ட் 3

அம்மா, வணக்கம். 16 வருடம் கேபிள் வேலையில் சைட்டில் நின்றவன் நான். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்திருக்கிறேன், சிலவற்றைச் செய்ய நானே ஆள் விட்டும் இருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: லெட்டர் கொடுக்காதீர்கள். அந்தத் தாளை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குக் கடைசி பில் பாஸாகும். அது உங்கள் கையில் இருக்கும் வரைக்கும்தான் உங்கள் போனை எடுப்பார்.

செம்மண் கொட்டி மூடும் யோசனை ஏன் தப்பு என்று கேட்டீர்கள். பள்ளத்துக்குள் மண்ணை மொத்தமாகத் தள்ளியிருக்கிறார்கள், உள்ளே முழுக்கக் காற்று. மேலே எவ்வளவு கொட்டினாலும் இரண்டு நல்ல மழையில் அரையடி இறங்கும். இன்னொன்று யாரும் யோசிக்காதது. உங்கள் ஏரியா களிமண், தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அதன் நடுவில் இறுகாத பள்ளம் ஒன்று இருந்தால் சுற்றி இருக்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் புகுந்து, வாய்க்கால் மாதிரி பள்ளத்தின் வழியாகவே ஓடும். எங்கே தாழ்வோ அங்கே வெளியே வரும். ஒரு சைட்டில் அப்படி வந்த தண்ணீர் ஒரு வீட்டு சம்புக்குள், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்கியது. குடிதண்ணீர் கலங்கி நாற்றமடித்தது, ஒரு மாதம் யாருக்கும் காரணம் புரியவில்லை. உங்கள் 11 வீட்டில் எந்தெந்த வீட்டு சம்ப் வாசலோரம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

செய்ய வேண்டியது, திரும்பத் தோண்டுவது. வேறு வழி இல்லை. குழாய்க்கு மேல் ஒரு அடி வரை கையால் தோண்டினால் போதும், மிஷின் வேண்டாம். பத்து மீட்டருக்கு ஓரிடத்தில் மட்டும் குழாய் தெரியும் வரை தோண்டி, குழாயைச் சுற்றி மணல் இருக்கிறதா, மேலே எச்சரிக்கை டேப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆழத்தை அளவு டேப் வைத்து அளந்து, அளவு டேப்பும் குழாயும் தெரிகிற மாதிரி அங்கே ஒரு போட்டோ எடுங்கள். அங்கேயே மின்சாரக் கேபிளும் போகிறதென்றால் யாரும் கை வைக்கக் கூடாது. 11 கேவி (11,000 வோல்ட்) கேபிள் 90 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தரநிலை சொல்வது, ஆனால் தெருவில் மேலே மேலே ரோடு போட்டும் வெட்டியும் ஆழம் மாறியிருக்கும். மின்வாரிய ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் தோண்ட வேண்டும்.

பிறகு மண்ணை அரையடி போட்டு, லேசாக ஈரம் காட்டி, திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்கி, அதற்கு மேல் அடுத்த அரையடி. "தண்ணியக் கட்டி விட்டுட்டா தானா உக்காந்துடும்" என்று ஆட்கள் சொல்வார்கள். ஆற்று மணலுக்கு அது சரி. களிமண்ணில் பள்ளத்தைத் தண்ணீரால் ரொப்பினால் கூழாகிவிடும், காய்ந்ததும் நீளவாக்கில் வெடிக்கும். செங்கல், சிமென்ட் கட்டி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. கடைசி முக்கால் அடிக்குத் திமிசு வேண்டாம், அது செடிக்கான மண். முடிக்கும்போது தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேடாகவே விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை.

அந்த வழுவழு சேறு பென்டோனைட். போரிங் போடும்போது துளை இடிந்து விழாமல் இருக்கக் கலந்து விடுகிற களி. விஷம் கிடையாது, ஆனால் தண்ணீர் இறங்க விடாது. குளம் வெட்டுகிறவர்கள் கசிவை அடைக்கவே இதைத்தான் போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓஸ் பைப் பிடித்துக் கழுவினால் இன்னும் பரவும், மழைநீர் வடிகாலில் போய் உறையும். காய்ந்த பாளமாக இருக்கும்போதே மண்வெட்டியால் சுரண்டி, அடியில் ஒரு அங்குல மண்ணோடு சேர்த்துச் சாக்கில் கட்டி அவர்களையே எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

உடைந்த பிவிசி குழாயைச் சேர்க்கும் முன் உள்ளே கம்பி விட்டுப் பாருங்கள், மண் அடைத்திருக்கும். போரிங் போன வழியில் வேறு கழிவுநீர்க் குழாய் இருந்தால் அதன் சேம்பரைத் திறந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஆரஞ்சு குழாய் கழிவுநீர்க் குழாயைத் துளைத்துக்கொண்டு போய்விடுவது உண்டு. அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து அடைக்கும்.

கீரைப்பாத்தி (திருச்சி), ஆகஸ்ட் 4

அக்கா, நான் விவசாயம் படித்தவள், இப்போது வீட்டுத்தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். மேலே அண்ணன் பள்ளத்தைச் சொல்லிவிட்டார். நான் மண்ணை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றீர்களே, அது சரியான உணர்வு. மேல் மண் என்பது அழுக்கு நிறத்தில் இருக்கும் வெறும் மண் இல்லை. பதினைந்து வருடம் உதிர்ந்த இலையும், மண்புழுவும், வேர் செத்து விட்டுப்போன துளைகளும் சேர்ந்து உருவானது. முக்கால் அடிக்குக் கீழே போனால் அந்த உயிர் மிகக் குறைவு. லோடு செம்மண் என்று விற்பதும் பெரும்பாலும் எங்கோ ஆழத்தில் வெட்டிய மண்தான். அதன் மேல் புல் பதித்தால் இரண்டு மாதம் பச்சையாக இருக்கும், ஏப்ரலில் பாருங்கள், பள்ளம் போன தடம் மட்டும் மஞ்சளாகத் தெரியும்.

திரும்பத் தோண்டும்போது கறுப்பு மண் கிடைத்தால் தனியே ஒரு பக்கம், சாம்பல் களி மறுபக்கம் என்று குவியுங்கள். நடுவில் தார்ப்பாய் விரித்தால் ஆட்கள் குழப்ப மாட்டார்கள். முழுவதையும் பிரிக்க முடியாது, பாதி கிடைத்தாலே லாபம்.

வாசலோரம் யார் வீட்டிலாவது செம்பருத்தி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறதா? சிமென்ட் தூள் கலந்த மண்ணில் சுண்ணாம்பு ஏறி, இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போவதன் அடையாளம் அது. உரம் வைக்காதீர்கள், கட்டியைப் பொறுக்கி மண்ணை மாற்றுங்கள்.

மிஷின் ஓடி இறுகிய பத்தடித் தடத்துக்கு என் யோசனை தக்கைப்பூண்டு. 60 மீட்டருக்கு மூன்று மீட்டர் என்றால் சுமார் நாலரை சென்ட். ஏக்கருக்கு 20 கிலோ விதை என்பது பசுந்தாள் உரத்துக்கான கணக்கு, உங்களுக்கு ஒரு கிலோ போதும். ஈரம் இருக்கும்போது மண்வெட்டியால் அரையடி கிளறி விதைத்து விடுங்கள். களிமண்ணும் தண்ணீர் தேங்குவதும் அதற்குப் பொருட்டே இல்லை. வேர் இறுக்கத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும், வேர் முடிச்சில் தழைச்சத்தும் சேரும். 45 நாளில், பூக்கும் தறுவாயில் வெட்டி அப்படியே மண்ணில் மடக்கிவிட வேண்டும். முற்ற விட்டால் தண்டு நாராகிவிடும், மட்காது. இந்த வாரத்துக்குள் விதைத்தால் செப்டம்பர் மூன்றாம் வாரம் மடக்கலாம். அதன் பிறகு இரண்டு வாரம் விட்டு, உங்கள் பூங்காவிலேயே நன்றாக இருக்கும் பக்கத்திலிருந்து அருகம்புல் கரணையை எடுத்து, சாணி எருவோடு ஊன்றுங்கள். மழையே தண்ணீர் விட்டுவிடும். கடைப் புல் பாய் வாங்க வேண்டாம்.

ஜிப்சம் போடச் சொல்லி யாராவது வருவார்கள். அது சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு மருந்து, எல்லாக் களிமண்ணுக்கும் அல்ல. மண் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள்.

சங்கச் செயலர் (கோவை), ஆகஸ்ட் 4

மேடம், எங்கள் நகரிலும் நடந்தது. மண் விஷயம் எனக்குத் தெரியாது, காகித விஷயம் மட்டும்.

முதலில் அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். லேஅவுட்டில் திறந்தவெளியாக ஒதுக்கிய இடத்தைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் பூங்கா மாநகராட்சியுடையது, நீங்கள் பராமரிப்பவர்கள். தோண்ட அனுமதி கொடுத்ததும், சரியாக மூடச் சொல்ல வேண்டியதும் அவர்கள். ஒப்பந்தக்காரரோடு வாசலில் நின்று பேசுவதைவிட, 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண் வாங்கி, அந்த எண்ணைப் போட்டு மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். வாசலோரமும் அப்படித்தான். காம்பவுண்டு சுவருக்கு வெளியே நாம் வளர்க்கும் செடி நம்முடையது என்று நினைக்கிறோம், இடம் தெருவைச் சேர்ந்தது.

தொலைத்தொடர்புக் கேபிளுக்கு 2025 ஜனவரி 1 முதல் புதிய வழியுரிமை விதிகள், அதாவது அடுத்தவர் இடத்தில் கேபிள் பதிக்க அனுமதி பெறுவதற்கான விதிகள், நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன் 2016 விதிகள் இருந்தன. தோண்டினால் பழையபடி ஆக்க வேண்டும், அதற்குக் கட்டணமோ வங்கி உத்தரவாதமோ வாங்கலாம் என்பதெல்லாம் இந்த ஏற்பாட்டின் பகுதி. உங்கள் விஷயத்தில் என்ன வாங்கினார்கள் என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கும். அதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். நான்கு விஷயம் கேட்டால் போதும்: அனுமதித்த நீளம், ஆழம், மீட்டமைப்பு யார் பொறுப்பு, அதற்குப் பிடித்து வைத்த தொகை. எங்களுக்கு வந்த பதிலைப் பார்த்தபோது, அனுமதித்த நீளத்தைவிட 40 மீட்டர் அதிகமாகத் தோண்டியிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு பேச்சின் தோரணையே மாறிவிட்டது.

பணமாகக் கொடுத்துவிடுகிறேன் என்பார்கள். வாங்காதீர்கள். நாங்கள் வாங்கினோம். அந்தப் பணம் சங்கத்தில் யார் எதற்குச் செலவு செய்வது என்பதிலேயே இரண்டு கூட்டம் போனது, மழை வந்துவிட்டது.

புங்கை நிழல், ஆகஸ்ட் 4

மூவருக்கும் மிக்க நன்றி. தம்பி சொன்னபடி சம்ப்களைப் பார்த்தேன். நான்கு வீட்டில் வாசலோரம்தான் இருக்கிறது, ஒன்றில் பள்ளத்துக்கும் சம்ப் சுவருக்கும் ஒன்றரை அடிதான் இடைவெளி. செம்பருத்தி இரண்டு வீட்டில் அப்படியே வெளுத்திருக்கிறது.

மரத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். "ஆபத்து, வெட்டிவிடலாம்" என்று ஊஞ்சல் பக்கம் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் பயத்தை என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை, அவர் பேரக்குழந்தை அங்கேதான் விளையாடுகிறது.

மரம் ஏறி, ஆகஸ்ட் 5

அம்மா, தண்டின் சுற்றளவு எவ்வளவு? நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி அளந்து சொல்லுங்கள்.

புங்கை நிழல், ஆகஸ்ட் 5

62 செ.மீ.

மரம் ஏறி, ஆகஸ்ட் 5

அப்படியானால் விட்டம் 20 செ.மீ. பள்ளம் மூன்றடி, அதாவது 90 செ.மீ. தள்ளி. விட்டத்தைப் போல நாலரை மடங்கு தூரம். மூன்று மடங்குக்குள் வெட்டியிருந்தால் நானே எடுத்துவிடச் சொல்லியிருப்பேன். ஒரே பக்கம், நாலைந்து வேர் என்றால் இந்த மரத்தைக் காப்பாற்றலாம். புங்கன் வெட்டினால் துளிர்க்கிற சாதி.

ஆனால் அந்த வீட்டுக்காரர் பயப்படுவதில் பொருள் இருக்கிறது. காற்று அடிக்கும்போது மரத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துவது காற்று வருகிற பக்கத்து வேர்கள். உங்களுக்குப் போனது வடகிழக்கு வேர். வடகிழக்குப் பருவமழைக் காற்று பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வரும். சாய்ந்தால் ஊஞ்சல் மேல்தான் சாயும். ஆகவே இந்த வருடமும் அடுத்த வருடமும் பருவமழை முடியும் வரை ஊஞ்சலைப் பூங்காவின் வேறு மூலைக்கு மாற்றுங்கள். மரத்தை வெட்டுவதைவிட அது எளிது.

பள்ளத்தைத் திரும்பத் திறக்கும்போது பிய்ந்த வேர் நுனிகளைத் தேடி, ரம்பத்தால் நேராக, சுத்தமாக நறுக்குங்கள். பிய்ந்த நுனி அழுகும், நறுக்கிய நுனியில் புது வேர் கிளம்பும். பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம். மரத்துக்கு நேரே பள்ளத்தில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மட்டும் திமிசு போடாமல், கறுப்பு மண்ணைக் கையால் நிரப்பிக் காலால் லேசாக மிதியுங்கள். வேர் போய்விட்டதே என்று கிளையைப் பாதிக்குப் பாதி வெட்டுவார்கள், விடாதீர்கள். புது வேர் வளர இலைதான் சாப்பாடு போடுகிறது. காய்ந்ததையும், தென்மேற்குப் பக்கம் பாரமாக நீட்டியிருக்கும் ஒன்றிரண்டையும் மட்டும் எடுங்கள். மூன்று சவுக்குக்கழி முக்கோணமாக ஊன்றி, பழைய சைக்கிள் டியூபால் கட்டுங்கள். கயிறு பட்டையை அறுக்கும். மழை தொடங்கும் வரை வாரம் ஒருமுறை நன்றாக ஊறும்படி தண்ணீர்.

புங்கை நிழல், அக்டோபர் 19

நடந்ததை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

லெட்டர் கொடுக்கவில்லை. 1913-ல் பதிந்த பத்தாம் நாள் உதவிப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். நான் எடுத்த போட்டோக்களை அச்சுப் போட்டு வைத்திருந்தேன், பேசியதைவிட அது வேலை செய்தது. ஆகஸ்ட் 20 முதல் ஒப்பந்தக்காரர் ஆறு ஆட்களை அனுப்பினார். ஐந்து நாள் வேலை. தார்ப்பாய் நாங்கள் கொடுத்தோம். நானும் கல்லூரிப் பையனும் மாற்றி மாற்றிப் பள்ளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முதல் நாள் முணுமுணுத்த ஆட்கள், இரண்டாம் நாளிலிருந்து அவர்களாகவே செங்கல் துண்டைப் பொறுக்கிப் போட்டார்கள். 31 சாக்கு இடிபாடு வெளியே வந்தது. இதைத்தான் நாங்கள் செம்மண் போட்டு மூட இருந்தோம்.

பூங்காவில் சில இடங்களில் குழாய் ஒன்றரை அடி ஆழத்தில்தான் இருந்தது. அதை அளந்து எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பூங்காச் சுவரில் குழாய் போகும் இடத்துக்கு நேராகச் சிவப்புப் பெயின்டில் கோடும் ஆழமும் எழுதி வைத்துவிட்டோம், நாளை யாராவது கம்பம் நட வந்தால் தெரியட்டும்.

தக்கைப்பூண்டு ஆகஸ்ட் 28-ல்தான் விதைக்க முடிந்தது. அதனால் போன வாரம்தான் மடக்கினோம். இடுப்பளவு வளர்ந்திருந்தது. பிடுங்கிப் பார்த்த பிள்ளைகள் வேர் முடிச்சை நசுக்கி, உள்ளே சிவப்பாக இருப்பதைக் காட்டிக்கொண்டு ஓடினார்கள். வகுப்பறையில் முப்பது வருடம் படம் போட்டுக் காட்டியதை அன்றுதான் நானே கையில் வைத்துப் பார்த்தேன். அருகம்புல் ஊன்றுவது தீபாவளி கழித்து.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வாசலோரத்தில் ஏழு வீட்டுக்குத்தான் சிமென்ட் பூச்சு போட்டார்கள், நான்கு வீடு பாக்கி. முந்தாநாள் பெய்த மழையில் இரண்டு இடத்தில் மூன்று அங்குலம் இறங்கியிருக்கிறது. அதில் ஒன்று அந்த ஒன்றரை அடி சம்புக்கு எதிரே. நேற்றே திறந்து, திமிசு போட்டு மூடினோம். சம்ப் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதிலில் நீளமும் ஆழமும் இருக்கின்றன, பிடித்து வைத்த தொகை இல்லை. மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உறைகிணற்றில் மறுபடி தண்ணீர் விழுகிறது. முந்தாநாள் இரவு ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மரம் நிற்கிறது. ஊஞ்சலைக் கழற்றி மறு மூலைக்குக் கொண்டுபோக ஊஞ்சல் பக்கம் வீட்டுக்காரரே ஆள் கூட்டி வந்தார். வெட்டுப்பட்ட பக்கத்துக் கிளையில் செப்டம்பரில் நிறைய இலை கொட்டியது, ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. இப்போது அதே கிளையில் செந்துளிர் விட்டிருக்கிறது. மரம் பற்றிச் சொன்ன தம்பிக்கு ஒரு கேள்வி: சவுக்குக்கழியை அடுத்த தை மாதம் எடுக்கலாமா, இல்லை இன்னொரு மழைக்காலம் வரை அப்படியே இருக்கட்டுமா?

மரம் ஏறி, அக்டோபர் 19

இன்னொரு மழைக்காலம் இருக்கட்டும் அம்மா. தை மாதம் டியூபை மட்டும் அவிழ்த்து, பட்டையில் தடம் விழுந்திருக்கிறதா பார்த்துவிட்டு, இரண்டு விரல் நுழையும்படி தளர்த்திக் கட்டுங்கள்.